பணம் இல்லாத காரணத்தால்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதிலும் படித்தவர்கள்மேல்தான் அதிகம் வரும். நானும் படித்தவள் என்பதால் அதில் பாதி என்மேலேயே விழும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இங்கே சொல்லப்போகும் குளறுபடியைச் செய்தவள் நான்தான்.

திருநெல்வேலியில் பொருளாதாரம் எம்.ஏ. முடித்தேன். கல்யாணமானது. கணவருக்கு ஐடி வேலை என்பதால் ஆவடி சேக்காட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். பட்டச் சான்றிதழைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் பன்னிரண்டு வருஷம் குழம்பு தாளித்தேன். மகள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் பகல் முழுக்க வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லை. ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க ஆள் கேட்டிருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வளரும் நாடுகளில் வறுமை ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. ஒரே கேள்வித்தாளை நாலைந்து நாடுகளில் கேட்கிறார்கள். முதல் ஏழு பக்கம் காரணம், மிச்சமெல்லாம் விளைவு. எங்கள் பங்குக்குப் பூந்தமல்லிப் பக்கத்து நூம்பலும் அதை ஒட்டிய தெருக்களும் வந்தன. கணக்கெடுப்பு முடிந்ததும், மதிப்பெண் போட்டு, ரொம்பக் கஷ்டப்படுகிற சில குடும்பங்களுக்குத் தொழில் செய்ய ஒரு பொருள் கொடுப்பார்கள். தையல் மெஷினோ ஆடோ தள்ளுவண்டியோ, அவர்கள் கேட்பது. அதைக் கொண்டு அந்தக் குடும்பம் எவ்வளவு தூரம் மேலே வருகிறது என்று இரண்டு வருஷம் பார்ப்பார்கள்.

என்னோடு சேர்ந்து சுற்றியவள் நசரத்பேட்டைக்காரி. ஸ்கூட்டர் அவளுடையது, பின் சீட் என்னுடையது. இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஆனாலும் என்னை அக்கா என்பாள். எம்.ஏ. படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. திட்டும்போதும் ‘அக்கா’ போட்டுத்தான் திட்டுவாள்.

கேள்வித்தாளைத் தமிழாக்கும் வேலையையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள். அதில் சாப்பாட்டைப் பற்றி எட்டுக் கேள்விகள். ‘பணம் இல்லாத காரணத்தால், கடந்த முப்பது நாட்களில் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தீர்களா?’ ‘பணம் இல்லாத காரணத்தால், பிறர் இலவசமாகக் கொடுத்த உணவைச் சாப்பிட்டீர்களா?’ ‘பணம் இல்லாத காரணத்தால், பிறரிடம் அரிசியோ தானியமோ கேட்டு வாங்கினீர்களா?’ இப்படியே போகும். முதலில் அச்சுப் பிசகாமல்தான் எழுதினேன்.

ஒத்திகைக்கு ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்து என்னை உட்கார வைத்தார். டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அதே வாயால் ‘பணம் இல்லாத காரணத்தால்’ என்று ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். எட்டாவது தடவை சொல்லும்போது எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அன்று சாயங்காலமே எட்டுக் கேள்வியிலும் அந்த மூன்று சொற்களையும் வெட்டினேன். கேள்வி அப்படியேதான் இருக்கிறது, சூட்டைத்தானே தணித்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

“இப்பத்தான்க்கா வாய் கூசாம கேக்க முடியுது” என்றாள் நசரத்பேட்டைக்காரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி தோசைக்காரி. நெடுஞ்சாலையிலிருந்து நூம்பலுக்குத் திரும்பும் வழியில், வேலப்பன்சாவடிப் பக்கம், ஒரு புங்க மரத்தடியில் மேஜை போட்டுத் தோசை சுடுகிறவள். எங்கள் காலைச் சாப்பாடு தினமும் அங்கேதான். எனக்கு அவளை முதல் நாளே பிடித்துவிட்டது. எதற்கும் அசரமாட்டாள். நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் நாலு பேருக்கும் நாலு விதமாகப் பதில் சொல்லி, நாலு தோசையையும் கருகாமல் எடுப்பாள். நான் இரண்டாவது தோசையோடு எழுந்தால், “இன்னாமே, வேலைக்கு வந்தியா வேண்டுதலுக்கு வந்தியா, இன்னொண்ணு துன்னு” என்று தட்டில் போட்டுவிடுவாள்.

அவள் கதையில் காரணத்துக்கு ஏழு பக்கமெல்லாம் தேவையில்லை. அவள் கணவர் கூரை போடும் வேலைக்காரர். அம்பத்தூரில் ஒரு பட்டறைக்குத் தகடு மாட்டும்போது மேலேயிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. கான்ட்ராக்டர் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார், மூன்றாவது தடவையிலிருந்து போனை எடுக்கவில்லை. அதுவரை அவர்களுக்கு ஒரு சின்ன வாடகைக் கடை இருந்தது. அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு வருஷத்தில் கடை போய்விட்டது, மேஜைதான் மிஞ்சியது. நாங்கள் அறிமுகமானபோது அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார்.

மேஜைக்கு மேலே கூரை கிடையாது. மழை வந்தால் அடுப்பு அணைந்துவிடும். போன வருஷம் ஐப்பசியில் பாதி நாள் தோசைக்கல்லை ஏற்றவே இல்லையாம். அதனால் தள்ளுவண்டி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

“தலைக்கு மேல தகரம், கீழ சக்கரம். மழை வந்துச்சின்னா கல்லை எறக்காம அப்பிடியே தள்ளிகினு அந்த பாலத்தாண்ட ஒதுங்கிடுவேன். அவரு இருக்காருல்ல, துட்டு வாங்கிப் போட ஒரு ஸ்டூலு. அது போதும்மே.”

“கிடைக்கும்க்கா” என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் நூம்பலில் அவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

அனுமதிக் கடிதம் வரத் தாமதமாகி, ஆடி மாதத்தில்தான் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. கேள்வியைக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் ஜனங்கள் மனம் திறந்து பதில் சொன்னார்கள். பிறர் இலவசமாகக் கொடுத்த உணவைச் சாப்பிட்டீர்களா? சாப்பிட்டோம். சாப்பாட்டைத் தவிர்த்தீர்களா? தவிர்த்தோம். வீட்டுக்கு வீடு ஆமாம், ஆமாம். வெட்கப்படாமல் சொல்கிறார்களே, எல்லாம் என் மொழிபெயர்ப்பின் மகிமை என்று நினைத்தேன். ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், அதைத் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வந்து குடிக்காத வீடு அந்த ஊரில் கிடையாது, செவ்வாய் வெள்ளி ஒருபொழுது இருக்காத பொம்பளையும் கிடையாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூழ் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை கேள்வி கேட்கப் போனவள்தான் நானும். கேள்வித்தாளை ஏற்றிக் கொடுத்த டேப்லெட்டைக் கையில் எடுத்தால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

ஊரின் பழைய விவசாயக் குடும்பம் ஒன்று. நிலத்தில் பாதியை விற்று, மீதியில் மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வீட்டம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். பேரனின் படிப்புக்காக வேண்டிக்கொண்டு, மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலையைக் கையில் பிடித்து, வீடு வீடாகப் போய் முந்தானையை ஏந்தி அரிசி வாங்கியிருக்கிறார். மடிப்பிச்சை என்பார்கள். அம்மனுக்கு முன்னால் தான் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, இருக்கிறவர்கள்தான் இதை ஆசையாகச் செய்வார்கள்.

“பிறரிடம் அரிசி கேட்டு வாங்கினீர்களா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா, ஏழு ஊட்ல வாங்குனேன்” என்றார், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

நான் ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். தட்டில் முறுக்கு வைத்தார், அதையும் சாப்பிட்டேன்.

அந்த ஏழு வீட்டில் ஒன்று தோசைக்காரியுடையது. அவள் ஒரு படி அரிசி போட்டிருக்கிறாள். அதோடு விட்டாளா? ஆடி மூணாவது ஞாயிற்றுக்கிழமை அவளே இரண்டு அண்டா கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்போடு ஊருக்கே ஊற்றியிருக்கிறாள். எனக்கும் ஒரு சொம்பு அவள் கையால்தான் வந்தது. பிறர் கொடுத்த உணவைச் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, “நானே ஊத்தும்போது நான் எங்க போயி வாங்கறது?” என்றாள். கடந்த ஒரு வருஷத்தில் நீங்கள் பிறருக்கு இலவசமாக உணவு கொடுத்தீர்களா என்று கடைசியில் ஒரு கேள்வி உண்டு. “ஒரு எரநூறு பேரு குடிச்சிருப்பாங்கோ. மிச்சமே இல்ல தெரியுமா, சும்மா அண்டாவயே வயிச்சி எடுத்துட்டாங்கோ” என்றாள். அவள் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே நான் அழுத்தினேன், ‘ஆம்’.

புரட்டாசி பிறந்ததும், பொருள் கிடைக்கப்போகிற குடும்பங்களின் பட்டியல் வந்தது. மாடி வீட்டம்மா முதல் வரிசையில் இருந்தார். பிச்சை எடுத்த குடும்பம். தோசைக்காரியைக் காணவே காணோம். இரண்டு அண்டா உணவைத் தானம் செய்யும் வசதி படைத்த குடும்பம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். கேழ்வரகில் நெய்யை நான் வடிய விட்டிருந்தேன், நாலைந்து நாடுகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். கம்ப்யூட்டரைத் திட்டினேன், மதிப்பெண் போட்டவர்களைத் திட்டினேன், ஸ்கூட்டரின் பின் சீட்டில் உட்கார்ந்து பூந்தமல்லி வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். சிக்னலில் நின்றபோது நசரத்பேட்டைக்காரி திரும்பாமலே சொன்னாள்.

“அக்கா, நீ வெட்டுனியே மூணு வார்த்தை. அதான்க்கா.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் என் வாய் கூசக்கூடாது என்று நான் வெட்டியது இன்னொருத்தியின் கூரையை வெட்டிவிட்டதே.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். ஆய்வுக்குத் தலைவர் அவர், வடக்கே ஒரு ஊரிலிருந்து வீடியோவில் வருவார். தமிழ் தெரியாது. என் கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். மூன்றாவது கேள்வியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தச் சொற்களை ஏன் எடுத்தாய் என்று கேட்டார். “அவங்க கொடுத்த தண்ணியைக் குடிச்சிட்டு அதை எப்படி சார் கேக்கறது?” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், எல்லா வீட்டுக்கும் திரும்பப் போய் எட்டுக் கேள்வியையும் முழுசாகக் கேளுங்கள் என்றார். நீங்கள் பிறருக்குக் கொடுத்தீர்களா என்ற கேள்வி மட்டும் அப்படியேதான் இருக்கும், அதில் முதலிலிருந்தே அந்தச் சொற்கள் கிடையாது என்றார்.

திரும்பப் போனோம். மாடி வீட்டம்மா கேள்வியை முழுசாகக் கேட்டதும் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“ஏம்மா, பணம் இல்லாமலா நான் மடியேந்துனேன்? ஆத்தாகிட்ட எல்லாருமே பிச்சைக்காரங்கதான்னு உன் மிஷினுக்குத் தெரியாதா?”

எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ விழுந்தது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தான் பரம ஏழையாகப் பட்டியலில் இருந்த கதையைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார். சில வீடுகளில் சிரிப்பு வரவில்லை. போன தடவை வாய் நிறைய ஆமாம் சொன்னவர்கள், மூன்று சொற்கள் கூடியதும், வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அந்தத் தாழ்ந்த குரலைத்தான் கேள்வி இத்தனை நாளும் தேடியிருக்கிறது. நான் அதைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தோசைக்காரியின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். பயம்தான் காரணம். மத்தியானம், கடை எடுத்து வைத்துவிட்டு உளுந்து ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நான் செய்த தப்பால் உங்கள் பெயர் விழாமல் போயிற்று என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“எய்திட்ட, தப்பா பூட்ச்சி, மறுக்கா எய்து. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிகினுகீற?” என்றாள்.

“பணம் இல்லாத காரணத்தால்” என்று ஆரம்பித்தேன். “கடந்த முப்பது நாட்களில் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தீர்களா?”

கணவரைப் பார்த்தாள். அவர் வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல், மெதுவாகக் கொல்லைப் பக்கம் போனார். அவர் போகும் வரை உளுந்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“அவருக்கு ஸ்கேன் எடுத்த வாரம், மூணு நாளு. அவுருகிட்ட கடையிலயே துன்னுட்டேன்னு சொன்னேன். சொல்லிடாத.”

போட்டேன். மற்ற ஏழு கேள்வியையும் கேட்டேன். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. பிறருக்குக் கொடுத்தீர்களா? டேப்லெட்டைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நசரத்பேட்டைக்காரி, மதிப்பெண்ணை மனசுக்குள் கூட்டிவிட்டு என் முழங்கையைப் பிடித்தாள். இதற்கு இல்லை என்று விழுந்தால் வண்டி. ஆமாம் என்று விழுந்தால் ஒரே ஒரு புள்ளியில் போய்விடும்.

“கூழு ஊத்துனத மட்டும் இல்லன்னு போட்டுக்கலாம்க்கா. யாரு பாக்கப் போறா?” என்று தோசைக்காரியிடம் அவளே சொன்னாள்.

நானும் தலையாட்டினேன். அது பொய் என்று தெரியும். எனக்கு எம்.ஏ. வேண்டாம், ஆய்வு வேண்டாம், இவள் தலைக்கு மேல் ஒரு தகரம் வேண்டும் என்று இருந்தது. “இல்லைன்னு சொல்லுங்கக்கா. நான் அழுத்திடறேன்” என்றேன்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபப்பட்டது போலத் தெரியவில்லை.

“எதுக்கு ஊத்துனேன்னு நீ கேக்கவே இல்லியே.”

உண்மைதான். கொடுத்தீர்களா என்று இருந்ததே தவிர, ஏன் கொடுத்தீர்கள் என்று இருபது பக்கத்தில் எங்கேயும் இல்லை.

“ஆஸ்பத்திரில டாக்டரு சொல்லிட்டாரு, இனிமே நடக்கறது கஷ்டம்னு. பெட்டுலயே நான்தான் எல்லாம் பாத்துகினேன். அப்ப வேண்டிகினேன், இவரு எழுந்து ஒரு அடி வச்சா போதும், ஊருக்கே கூழு ஊத்தறேன்னு. வருஷம் முச்சூடும் புடி புடியா கேவுரு சேத்தேன். இந்த ஆடிக்கு ஊத்துனேன். இப்ப நீ வந்து இல்லன்னு சொல்லுன்றியே. நான் ஊத்தலன்னா அவரு நடக்கலன்னுதானே அர்த்தம்?”

எனக்கு அழுகை வந்தது. டேப்லெட்டைப் பார்த்தேன்.

“வண்டி வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும். மரத்தாண்ட ஒரு தார்பாயி கட்டிக்கலாம். அவரு நடக்கறாரு இல்ல? நீ, ஊத்துனான்னே எய்து.”

‘ஆம்’ என்பதை அழுத்தினேன். நசரத்பேட்டைக்காரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னால் வந்த பட்டியலில் அந்த வீடு ஒரு புள்ளியில்தான் விடுபட்டது. வண்டி நாலு தெரு தள்ளி, கஷ்டத்தில் இருந்த வேறொரு வீட்டுக்குப் போனது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

அன்று நாங்கள் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். கொல்லையிலிருந்து அவர் திரும்பி வந்தார். ஒரு கையில் தண்ணீர்க் குடம், மறு கை சும்மா தொங்கியது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு மனைவியிடம் கேட்டார்.

“மறுக்கா வந்து இன்னா எய்திகினு போறாங்கோ?”

“நீ நடக்கறன்னு எய்திகினு போறாங்கோ” என்றாள்.